ஜொகூர் அரசுப் பள்ளிகள்: சட்டமும் நடைமுறையும்

தீபகற்ப மலேசியாவின் தென்கோடி மாநிலமான ஜொகூரில் அரசுப் பள்ளிகளின் கலைத்திட்டத்தையும் தேர்வையும் வகுப்பது மாநிலச் சட்டமன்றம் அன்று. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை கல்வியைக் கூட்டரசுப் பட்டியலில் சேர்த்திருப்பதால், அவை கல்வியமைச்சின் பொறுப்பாகின்றன.

இப்போது நடப்பிலுள்ள 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 17ஆம் பிரிவில் மலாய்மொழியை முதன்மைப் பயிற்றுமொழியாக விதித்தாலும், 28ஆம் பிரிவின்கீழ் அமையும் தேசிய வகைப் பள்ளிகளுக்கு, அதாவது தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளுக்கு, விலக்களிக்கிறது. அவ்வகைப் பள்ளிகளை மலாய்மொழிப் பள்ளிகளாக மாற்ற அமைச்சருக்கு அதிகாரமளித்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு புதிய சட்டத்தில் இடம்பெறாதது தமிழ்ப்பள்ளிகள் அடைந்த மிகப்பெரிய பாதுகாப்பாகும். எனினும் கலைத்திட்டம் அனைவருக்கும் ஒன்றே என்பதால், ஜொகூரின் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகளும் 2011இல் முதலாம் ஆண்டில் அறிமுகமான தர அடிப்படையிலான கலைத்திட்டத்தையே பின்பற்றுகின்றன.

சபைகூடலில் மாணவர்கள் நாட்டுப்பண்ணை அடுத்து மாநிலப் பண்ணான 'லாகு பங்சா ஜொகூர்' பாடி, 1970இல் பிரகடனப்படுத்தப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் உறுதிமொழியாகச் சொல்கின்றனர். மாநிலத்தின் கை பள்ளி வாழ்வில் நேரடியாகப் பட்டது வார விடுமுறையில்தான். 2014 முதல் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தபோது பள்ளி வாரம் ஞாயிறன்றே தொடங்கியது. சிங்கப்பூரில் வேலைசெய்து சனி, ஞாயிறு ஓய்வு பெறும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக வாய்த்தது சனிக்கிழமை மட்டுமே. 2025 ஜனவரி 1இல் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பியது.

தேர்வுமுறையிலும் பெருமாற்றம் நிகழ்ந்தது. 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அதன் பிற்காலத்தில் மலாய்மொழிப் பள்ளி மாணவர்கள் ஆறு தாள்கள் எழுத, தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தாய்மொழிக்கான இரண்டையும் சேர்த்து எட்டு எழுதவேண்டியிருந்ததால், அந்நீக்கம் அவர்களுடைய பெருஞ்சுமையை இறக்கியது எனலாம். இப்போது ஆசிரியரே ஆண்டு முழுவதும் கவனித்து ஆறு அடைவுநிலைகளில் ஒன்றை வழங்கும் வகுப்புசார் மதிப்பீடு முதன்மை பெற்றுள்ளது. இதன் நம்பகம் ஆசிரியரின் நேர்மையையும் அவருக்குக் கிடைக்கும் நேரத்தையும் பொறுத்தது.

முன்சொன்ன விலக்கைப் பெற்ற தமிழ், சீனத் தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021இல் உயர்நீதிமன்றமும் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்க மறுத்தன. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.