வேளா மீனின் வீழ்ச்சி

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் வழியிலுள்ள ஹுன்னஸ்கிரிய கடலுக்கு வெகு தொலைவிலுள்ளது; எனினும் கருவாடு மலைநாட்டு உணவிற் புதியதன்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானபின், கண்டி இராச்சியம் உப்புக்கும் கருவாட்டுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. கடலில் எது குறைகின்றது என்பது அதனை உண்ணும் மலைநாட்டாருக்கு எளிதில் தெரியவராது. அவ்வாறு ஓசையின்றிக் குறைந்துபோனவற்றுள் ஒன்று வேளா.

உருவிற் சுறாவை ஒத்திருப்பினும் வேளா திருக்கை இனத்தைச் சார்ந்தது. இருபுறமும் பற்கள் வரிசையிட்ட வாள்போன்ற நீண்ட மூக்கே அதன் அடையாளம். பண்டைத் தமிழர் இவ்வாளை அறிந்திருந்தனர். கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலை, புகார்ப் பரதவர் முழுமதி நாளிற் கடல்மேற் செல்லாது, சினைச் சுறவின் கோட்டை நட்டு வழிபட்டமையைக் கூறுகின்றது. சுறாவுக்குக் கொம்பில்லையாதலின், அக்கோடு வேளாவின் வாளே எனக் கொள்ளுதல் பொருந்தும். இவ்வழிபாட்டை மீன்வளப் பாதுகாப்பு எனப் போற்றுவாரும் உளராகலாம், அது மிகையாகும். சினை மீனின் கோடு கிடைக்கவேண்டுமாயின் அம்மீன் முன்னரே கொல்லப்பட்டிருத்தல் வேண்டுமன்றோ!

எனினும் அக்கால வலையும் தோணியும் கடலை வெறுமையாக்கவல்லன அல்ல. நைலோன் வலையும் இயந்திரப் படகும் 1950களின் பிற்பகுதி தொடக்கம் இலங்கைக் கரைகளிற் பரவின; தமிழகத்தில் இறால் ஏற்றுமதி இழுவை மடிகளைப் பெருக்கிற்று. ஆழமற்ற சேற்றுத் தரையில் வாழும் வேளாவுக்கு வாளே பகையாயிற்று. எவ்வலையாயினும் அதன் பற்கள் சிக்கும், சிக்கியது மீளாது. தசை உப்பிடப்பட்டது, துடுப்புகள் விலைபோயின. வேளா முட்டையிடாது ஓரீற்றிற் சில குட்டிகளையே ஈனும். அவை வளர்ந்து முதிரவும் பல்லாண்டுகள் செல்லும். நிக்கராகுவா ஏரியில் 1970களில் நடைபெற்ற பெருவேட்டை சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த வேளாக் கூட்டத்தை நிலைகுலைத்தமை இதற்குத் தக்க சான்று.

சட்டம் காலந்தாழ்த்தே வந்தது. இந்தியா 2001இல் வேளா இனங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் சேர்த்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 2007இல் ஓரினம் நீங்கலாக ஏனையவற்றின் வணிகத்தைத் தடுத்தது; 2013இல் அவ்வினமும் தடைக்குட்பட்டது. ஆனால் வேறு மீனுக்கு விரித்த வலையில் வேளா அகப்படுமாயின், அதனை உயிருடன் விடுவிக்கப் பெரும்பாலும் வலையை அறுத்தாகவேண்டும். அறுபட்ட வலையின் விலையை அம்மீனவனுக்கு யார் கொடுப்பார் என்பதற்கு இச்சட்டங்களில் விடையில்லை.