ஆள்விலை

கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங். நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டுவிரலுக்கு 11. கட்டைவிரல் நகம் மட்டும் போயிருந்தால் 3. கென்ட் நாட்டு அரசன் எத்தல்பெர்ட் கி.பி. 600 வாக்கில் இயற்றிய சட்டத்தில் உள்ள தண்டப் பட்டியல் இது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டங்களில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான். ஆளையே கொன்றுவிட்டால்? அடிமையல்லாத சாதாரணக் குடியானவனுக்கு 100 ஷில்லிங். அதில் 20-ஐக் குழி மூடுமுன்பே கட்டிவிட வேண்டும். மீதிக்கு 40 நாள் தவணை.

கென்ட் சட்டம் இந்தப் பணத்தை 'லெயோட்கெல்ட்' என்கிறது. பின்னாளில் நிலைத்த பெயர் 'வெர்கில்ட்'. 'வெர்' என்றால் ஆண்மகன். 'கில்ட்' என்றால் செலுத்தும் பணம். லத்தீனின் 'விர்', சமஸ்கிருதத்தின் 'வீர' இரண்டும் 'வெர்' பிறந்த குடும்பத்தில் பிறந்தவை. ஆகவே வடமொழியிலிருந்து நாம் எடுத்து வைத்திருக்கும் வீரனுக்கும் இந்த வெர்ருக்கும் தூரத்து உறவு உண்டு. 'வேர்ல்ட்' என்ற சொல்லின் முதற்பாதியும் இதுவே. மனிதரின் காலம் என்பதுதான் அதன் பழைய பொருள். 'கில்ட்' இன்றைய 'யீல்ட்' ஆயிற்று. ஜெர்மானியர் பணத்தையே 'கெல்ட்' என்கிறார்கள்.

வளைகுடாக் கொலை வழக்குச் செய்திகளில் நாம் படிக்கும் 'ரத்தப் பணம்' போன்றதுதான் இதுவும். ஆனால் இங்கே ஒருவன் நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவன்மேல் விலை ஒட்டியிருந்தது. இனே மன்னன் (688–726) காலத்து வெசெக்ஸில் 200, 600, 1200 ஷில்லிங் என்று மூன்று தரம். 'இருநூற்றான்', 'ஆயிரத்திருநூற்றான்' என்ற பொருளில் ஆட்களுக்கு வழங்கிய பெயர்கள் சட்டங்களில் இருக்கின்றன. ஆயிரத்திருநூற்றான் செய்யும் ஒரு சத்தியத்துக்கு ஆறு குடியானவரின் சத்தியம் ஈடு. உயிருக்கு மட்டுமல்ல, வாக்குக்கும் அதே தராசு.

பழிக்குப் பழி வாங்குவது உறவினரின் கடமையாக இருந்த சமூகம் அது. பழியை விட்டுப் பணத்தை வாங்குவது கோழைத்தனமாகத் தெரியாமலிருக்க நடுவில் பெரிய மனிதர் ஒருவர் நிற்க வேண்டும். 679-இல் மெர்சியரோடு நடந்த டிரென்ட் ஆற்றங்கரைப் போரில் நார்தம்பிரிய அரசன் எக்ஃப்ரித்தின் தம்பி மடிந்தான். பேராயர் தியடோர் தலையிட்டு மெர்சியரைப் பணம் கொடுக்க வைத்தார்; இன்னொரு உயிர் கேட்கப்படவில்லை என்று வரலாற்றாசிரியர் பீட் எழுதுகிறார்.

'பியோவுல்ஃப்' என்ற பழைய ஆங்கிலக் காவியத்திலும் இதே வழக்கம்தான். கதாநாயகன் பியோவுல்ஃபின் தந்தை ஒருவனைக் கொன்றுவிட்டு டேனியரிடம் ஓடிவர, அவர்களின் மன்னன் ஹ்ரோத்கார் கடல் கடந்து செல்வம் அனுப்பிப் பகையைத் தீர்க்கிறான். கிரெண்டல் என்ற கொடிய உருவோ இதற்கெல்லாம் இறங்கி வராது. அது கொன்ற எவனுக்கும் விலை தராது, சமாதானமும் பேசாது என்று கவிஞர் எடுத்துச் சொல்கிறார். நகமும் பல்லும் நமக்குப் பயம் தருகின்றன. அன்றைய அவைக்கு அதன் கணக்குத் தீர்க்காத குணமே கூடுதலாக உறைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

காவியத்தில் என்னை உலுக்குவது கிரெண்டல் அல்ல, ஹ்ரெத்தெல் என்ற கிழ அரசன். அவன் மகன் ஹேத்கின் எய்த அம்பு குறி தவறி அண்ணன் ஹெரெபெயால்டைக் கொன்றுவிடுகிறது. கொன்றவனும் மகன், செத்தவனும் மகன். யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுப்பது? பழிவாங்கினால் இன்னொரு பிள்ளை போகும். சும்மா இருந்தால் மூத்தவனின் சாவுக்கு ஈடே இல்லாமல் போகும். ஹேத்கின்மேல் அவனுக்குப் பிரியம் இல்லை, ஆனாலும் அவனுக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தத் துயரத்திலேயே சாகிறான். கென்ட் சட்டத்தின் பட்டியல் நகம்வரை இறங்கும். இந்த வீட்டுக்குள் அதற்கு வழி கிடையாது. கவிஞர் அந்த இடத்தில்தான் நின்று நிதானிக்கிறார்.

939 முதல் 946 வரை இங்கிலாந்தை ஆண்ட எட்மண்ட், பகையைக் கொலைகாரன் ஒருவனோடு நிறுத்தப் பார்த்தான். உறவினர் அவனைக் கைவிட்டால் அவர்களைத் தொடக் கூடாது. 1066-இல் நார்மானியர் வந்தபின், கொலை மெல்ல மெல்ல அரசனுக்கு எதிரான குற்றமாக மாற, குடும்பத்துக்குப் போன பணம் மறைந்தது. ஆணைக் குறிக்கும் வழக்கிலிருந்து 'வெர்' ஒதுங்க, 'மேன்' அந்த இடத்தைப் பிடித்தது. 'வேர்வுல்ஃப்' என்ற ஓநாய் மனிதனின் பெயரில் இன்றும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.