பாண்டியர் அரியணைப் போரும் அதன் சான்றுகளும்

அரசுரிமை ஐயத்துக்கு இடமாகும்போது நாட்டிற் பூசல் விளைதல் உலக வரலாறு எங்கணும் காணப்படுவதாகும். இங்கிலாந்தில் ஸ்தீபன் மன்னனுக்கும் மெற்றில்டா அரசிக்கும் இடையே நெடுநாள் நிகழ்ந்த பூசல் 1153இல் உடன்படிக்கையால் ஓய்ந்தது. அதற்குச் சில ஆண்டுகளின் பின் மதுரையில் மூண்ட பூசலோ இரு பேரரசுகளைப் போர்க்களத்துக்கு இழுத்தது.

1169ஆம் ஆண்டளவில் மதுரையை ஆண்ட பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். பராக்கிரமன் பொலனறுவை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் துணையை நாடினான். ஈழப்படை கடல் கடக்குமுன்னரே மதுரை வீழ்ந்தது, பராக்கிரமன் கொல்லப்பட்டான். எனினும், தளபதி இலங்காபுரன் இராமேச்சரத்திற் கால்கொண்டு முன்னேறி, இறந்தவன் மகன் வீரபாண்டியனை அரியணை ஏற்றினான். குலசேகரன் இரண்டாம் இராசாதிராச சோழனிடம் புகலடைந்தான்.

இப்போரை விரித்துரைக்கும் சூளவம்சம் ஈழப்படையின் வெற்றிகளை அடுக்கிக் கூறுகின்றது. சிறைப்பட்ட தமிழரைக் கொண்டு அனுராதபுரத்து உருவன்வெலித் தூபி பழுதுபார்க்கப்பட்டதையும் அது குறிக்கின்றது. ஆயின், படையின் முடிவைப் பற்றி வாய் திறப்பதில்லை. அம்முடிவைச் சோழநாட்டுக் கல்வெட்டுக்களே கூறுகின்றன. தொண்டி, பாசி முதலிய இடங்களில் நிகழ்ந்த போர்களாற் சோழநாட்டில் அச்சம் பரவ, எதிரிலிச் சோழச் சம்புவராயன் உமாபதி தேவரை வேண்ட, அவர் 28 நாள் வழிபாடு இயற்றினார் என்றும், பின்னர் வெற்றிச் செய்தி வந்தமையால் அவருக்கு ஊர் வழங்கப்பட்டதென்றும் காஞ்சிக்கு அண்மையிலுள்ள ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. ஈழத் தளபதிகளின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன என்பது பல்லவராயன்பேட்டைச் சாசனம் தரும் செய்தி. ஒரு பக்கத்துச் சான்றை மட்டும் கொள்வோன் பாதி வரலாற்றையே அறிவான்.

வென்றவர் யாவர்? சோழர் துணையால் அரசெய்திய குலசேகரன், பின்னர் ஈழத்தோடு உறவு பூண்டான். சினந்த சோழர் அவனை அகற்றி, தாம் எதிர்த்த வீரபாண்டியனையே அரியணையில் இருத்தினர்! பிறர் படையாற் பெற்ற அரசு பிறர் விருப்பின்படியே நின்றது. சோழர்க்கும் அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1216இல் முடிசூடிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். இடையில் அழிந்தவை இருநாட்டுக் குடிகளின் ஊர்களும் உயிர்களுமேயாம்.