பின்சில்லின் பெயாரிங்: வன்னியின் பழைய கார்களும் பொருளாதாரத் தடையும்

ஈழப்போரின் வரலாற்றை எழுதுவோர் படை நடவடிக்கைகளின் பெயர்களையும், வீழ்ந்த முகாம்களையும், கைச்சாத்தான உடன்படிக்கைகளையும் திகதி தவறாது குறித்து வைத்திருக்கிறார்கள். அவை வேண்டியவைதாம். ஆயினும் 1990 முதல் 2002 வரையான காலத்தில் வன்னிப் பெருநிலப்பரப்பில் ஒரு சாதாரணக் குடும்பம் எவ்வாறு வாழ்ந்தது என்பதை அந்தத் திகதிகள் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய சிறு பொருட்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் பின்சில்லுக்குள் இருந்த பெயாரிங்.

இரண்டு உருக்கு வளையங்கள். அவற்றுக்கு இடையே ஒரே அளவான உருக்குக் குண்டுகள். குண்டுகளை விலக்கி நிறுத்த ஒரு கூடு. பெயாரிங் என்பது இவ்வளவே. சுவீடனின் கோதன்பர்க் நகரத்து நெசவாலையொன்றில் அடிக்கடி பழுதான சுழல்தண்டுகளோடு போராடிய ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற பொறியியலாளர், தண்டு சற்று வளைந்தாலும் தன்னைத் தானே சரிசெய்து கொள்ளும் பெயாரிங்கை உருவாக்கி, 1907ஆம் ஆண்டில் எஸ்.கே.எவ். நிறுவனத்தைத் தொடங்கினார். அதன்பின் சுழலும் இயந்திரம் எதுவும் இந்தப் பொருளின்றி இயங்கியதில்லை எனலாம்.

இயங்க முடியாது என்பதாலேயே அது போர்ப்பொருளும் ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் பெயாரிங் உற்பத்தி பெரும்பாலும் ஷ்வைன்பேர்ட் என்ற ஒரே நகரத்தில் குவிந்திருந்தது. அதை அழித்தால் எதிரியின் வாகனங்களும் விமானங்களும் நின்றுவிடும் எனக் கணக்கிட்ட அமெரிக்க வான்படை, 1943 ஒக்டோபர் 14ஆம் திகதி நடத்திய தாக்குதலில் மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்களை இழந்தது. ஆனால் ஜேர்மனியின் உற்பத்தி நின்றுவிடவில்லை. ஆலைகள் பிரித்து வைக்கப்பட்டன, இருப்பிலிருந்தவை எடுக்கப்பட்டன, வெளியிலிருந்தும் வாங்கப்பட்டன. அதே காலத்தில் பிரித்தானியாவும் சுவீடனின் பெயாரிங்குகளை மொஸ்கிற்றோ விமானங்களில் இரவோடு இரவாக ஏற்றிச் சென்றது. பெயாரிங்கைத் தடுத்துப் போரை வெல்லலாம் என்ற எண்ணம் வவுனியாவில் பிறந்ததல்ல என்பதற்காகவே இதனை இங்கு குறிப்பிடுகிறேன்.

இனி வன்னிக்கு வருவோம். 1990களில் வன்னியின் வீதிகளில் ஓடிய கார்களிற் பல 1950களிலும் 1960களிலும் பிறந்தவை. இதற்கு மக்களின் பழமைப் பற்று காரணமன்று. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலிருந்தே இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, ஏற்கெனவே நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேறிய கமக்காரர்களும், மிளகாய், வெங்காய இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த 1970களில் கையில் நாலு காசு கண்டவர்களும் வாங்கக்கூடியதாக இருந்தவை ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளே. நாட்டில் ஓடிய பேஜோ 404 ஒருகாலத்தில் பெரிய வேகக்காரன். 1963இலும், பின்னர் 1966 முதல் 1968 வரை தொடர்ந்தும், கிழக்கு ஆபிரிக்க சபாரிப் பந்தயத்தில் வென்ற வகை அது. ஆனால் வயது எந்த வீரனையும் விடுவதில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குப் பல பொருட்கள் செல்வது தடைசெய்யப்பட்டது. பெற்றோல், டீசல், சீமெந்து, மின்கலம், உரம் என நீண்ட அந்தப் பட்டியலில் வாகன உதிரிப்பாகங்களும் இடம்பெற்றன. தாண்டிக்குளத்தில் பயணிகளின் பைகள் ஒவ்வொன்றாகக் கொட்டிக் கிளறப்பட்டதைக் கண்ணாற் கண்டவர்களில் நானும் ஒருவன். சவர்க்காரக் கட்டிகளின் எண்ணிக்கைக்குக் கூட விளக்கம் சொல்ல வேண்டியிருந்த இடத்தில், உருக்கு வளையமொன்றை எடுத்துச் செல்வது எளிதாக இருந்திருக்குமா?

பெற்றோல் இல்லாத கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை பலருக்கும் தெரியும். ஒரு சிறு போத்தலில் உள்ள சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய பிரித்தானிய இயந்திரங்கள் அதனைப் பொறுத்துக் கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்ததும், வீதியெங்கும் வெண்புகை படர்ந்ததும் அதற்கான விலை. எரிபொருளுக்கு இவ்வாறு ஒரு மாற்று இருந்தது. பெயாரிங்குக்கு மாற்று எது?

மொறிஸ் மைனரின் ஒவ்வொரு பின்சில்லும் ஒரேயொரு குண்டு பெயாரிங்கின் மேலேயே சுழல்கிறது. வண்டியின் பின்பாரம் முழுவதையும் அந்த இரண்டு வளையங்களும் பகிர்ந்து சுமக்கின்றன. நான்கு பேருக்கென அமைந்த காரில் எட்டுப் பேரும், கூரைமேல் நெல்மூடையும், பின்பெட்டியில் பாத்திர பண்டங்களும் ஏறின. வீதியோ எறிகணைக் குழிகளும் மழைநீர்க் கிடங்குகளும் நிறைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட மக்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சியும் படையினர் வசமானபோது, இடம்பெயர்ந்தவர்கள் மீண்டும் இடம்பெயர்ந்தனர். ஒவ்வொரு இடப்பெயர்வும் அந்த உருக்குக் குண்டுகளில் தன் தழும்பைப் பதித்தது.

பெயாரிங் சாகுமுன் பேசும். அந்நாட்களில் செய்தி சேகரிக்கச் சென்ற பயணமொன்றில், என்னை ஏற்றிச் சென்ற மைனரின் சாரதி, புழுதி அடித்தபோதும் கண்ணாடியை மூட மறுத்துவிட்டார். பின்னாலிருந்து ஓர் இரைச்சல் வந்து கொண்டிருந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. “தம்பி, வலப்பக்கம் திருப்பேக்கை சத்தம் கூடினால் இடப்பக்கச் சில்லு. பாரம் அங்கைதானே சாயுது” என்றார். பின்னர் வண்டியை நிறுத்தி, இடப்பக்கச் சில்லின் நடுவே புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு அவர் கணிப்பை உறுதி செய்தது.

வண்டி புதுக்குடியிருப்புப் பக்கமாக ஒரு கொட்டிலின் முன் நின்றது. அங்கிருந்த மேசன் வேலைக்காரர் போன்ற தோற்றமுடைய முதியவர்தான் மெக்கானிக். ஜக் வைத்து உயர்த்தி, சில்லையும் பிறேக் றம்மையும் கழற்றி, அக்சில் தண்டை வெளியே இழுத்தார். ஒயில் சீல் தேய்ந்து, ஒயில் பிறேக் கட்டைகள் வரை கசிந்திருந்தது. இரைச்சலோடு மட்டும் முடியாத ஆபத்து இது. அந்தச் சில்லில் பிறேக்கும் பிடிக்காது. நட்டைக் கழற்றி, ஹப்பை இழுத்தெடுத்து, மரக்கட்டையும் சுத்தியலுமாகப் பழைய பெயாரிங்கைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயிற் கழுவி வெளிச்சத்திற் பிடித்தார். உள்வளையத்தில் அம்மைத் தழும்புபோற் குழிகள்.

புதிது கிடைத்தால் அரைநாள் வேலை. அது கிடையாத இடத்தில் அந்தக் கைத்தொழிலாளர்கள் கண்டறிந்த வழிகளே நமக்கு வரலாறு. பெயாரிங்கின் விளிம்பிற் பொறிக்கப்பட்ட இலக்கத்தை அவர்கள் எழுத்துக்கூட்டிப் படிப்பது போலப் படித்தார்கள். 6207 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தாற் பெருக்க வேண்டும். உள்துளை 35 மில்லிமீற்றர். இந்த அறிவு இருந்தால், காருக்குரிய பெயாரிங்கை நீரிறைக்கும் இயந்திரத்திலும், உடைந்த உழவு இயந்திரத்திலும், அரிசி ஆலையிலும் தேடலாம். ஆனால் பழைய பிரித்தானிய இயந்திரங்களில் அங்குல அளவே மிகுதி என்பதால், கிடைத்தது பெரும்பாலும் மயிரிழையில் பொருந்தாது. அப்போது லேத்தில் ஒரு வளையம் கடைந்து இடைவெளியை நிரப்புவார்கள். இரண்டு பழைய பெயாரிங்குகளின் நல்ல குண்டுகளைப் பொறுக்கி ஒன்றாக்குவது இறுதி வழி. அதிலும் அவர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள்: ஒரு குண்டு மட்டும் சற்றுப் பெரிதாயிருந்தால் முழுப் பாரத்தையும் அதுவே சுமந்து, முதலில் அதுவும் பின்னர் வளையமும் வெடிக்கும்.

தடைக்கு அரசு சொன்ன காரணத்தையும் மறைக்காமற் பதிவு செய்ய வேண்டும். உள்ளே செல்வது புலிகளின் போர்த் தேவைக்குப் பயன்படும் என்பதே அது. அந்த அச்சம் கற்பனையன்று. கிளைமோர்களிலும் தற்கொலை அங்கிகளிலும் உருக்குக் குண்டுகளே நிரப்பப்பட்டன. அவை கொழும்பில் குடிமக்களையும் கொன்றன. ஆனால் தடையின் பலன் என்ன? 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தது. 1998 செப்ரெம்பரில் கிளிநொச்சியும், 2000 ஏப்ரலில் ஆனையிறவும் புலிகள் வசமாயின. ஆயுதம் ஏந்தியவர்களுக்குக் கடல் வழி இருந்தது. நோயாளியை ஏற்றிச் செல்ல ஒரு மைனரை நம்பியிருந்த கிராமத்துக்குத் தாண்டிக்குளத்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. தடையின் பாரம் யாரை அழுத்தியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சார்ள்ஸ் வெயர், பழைய காரைப் புதுப்பித்துக் காலமெல்லாம் ஓட்டலாம் என்ற கொள்கையுடையவர். 1990களின் தொடக்கத்தில், மைனரின் பாகங்களை இலங்கையின் தென்பகுதியில் செய்விக்கும் முயற்சியில் அவர் இறங்கினார். இங்கிலாந்தின் மைனர்களுக்கு இலங்கையிலிருந்து பாகங்கள் கடல் கடந்தன. அதே தீவின் வடக்கிலிருந்த மைனருக்கு ஒரு பெயாரிங் வவுனியாவைக் கடக்க முடியவில்லை.

2002 ஜனவரியில் தடை பெருமளவு தளர்த்தப்பட்டது. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. உதிரிப்பாகங்களோடு புதிய வாகனங்களும் வந்தன. ஆனால் 2006 ஓகஸ்ற்றில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தபின், மக்கள் தம்மிடமிருந்த வாகனங்களெல்லாவற்றோடும் கிழக்கு நோக்கி, விசுவமடு, புதுக்குடியிருப்பு என நகர்ந்து முள்ளிவாய்க்காலில் முடங்கினர். மே மாதத்தில் போர் முடிந்தபோது மனிதர்களிற் பெருந்தொகையினர் மீளவில்லை. வாகனங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் வீதியோரம் மலைபோற் குவிக்கப்பட்டுக் கிடந்தன. பின்னர் அவை பழைய இரும்பாயின.

மனித இழப்பின் முன் இரும்பைப் பற்றிப் பேசுவது சிலருக்கு அற்பமாகத் தோன்றலாம். நான் அவ்வாறு கருதவில்லை. அந்த வண்டிகளை ஓடச் செய்த கைகளின் அறிவு, நூலிலும் இல்லை, எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. இலக்கத்தைப் பார்த்து அளவைச் சொன்ன முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். வன்னியின் பல்கலைக்கழக மாணவர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: உங்கள் ஊரிலுள்ள பழைய மெக்கானிக் ஒருவரிடம் ஒரு பிற்பகல் சென்றமருங்கள். தடைக்காலத்தில் பின்சில்லைக் கழற்றி என்ன செய்தார் எனக் கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லும் மொழியிலேயே எழுதி வையுங்கள். ஒரு சமூகம் முற்றுகைக்குள் எவ்வாறு நகர்ந்துகொண்டே இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் நமக்கு வேறெங்கும் கிடைக்கப்போவதில்லை.