ஆத்தாளுக்கு முளைத்தது, அடுப்புக்கு முளைத்தது

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் நவதானியத்துக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மனுக்குப் பூக்குழி அந்த மாதம்தான். ஆண்டாள், ரெங்கமன்னார் திருக்கல்யாணம் பங்குனி உத்திரத்தன்று. அது போக, சுற்றுப்பட்டி ஊர்களில் பொங்கல் சாட்டிவிட்டால் முளைப்பாரிக்கு முத்து, அதாவது விதைப்பயறு, வாங்க வந்துவிடுவார்கள். தாத்தா காலத்தில் தொடங்கிய பலசரக்குக் கடை இது. விருதுநகரில் சரக்கெடுத்து ராஜபாளையம் வரைக்கும் சில்லறைக் கடைகளுக்குப் போடுகிறோம்.

கிரகத்துக்கொன்றாக வைத்த நவதானியத்தில் நெல், கோதுமை, எள் மூன்றும் போக மற்ற ஆறும் பயறு வகைதான்: துவரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, உளுந்து, காணம். காணத்தை வடக்கே கொள்ளு என்பார்கள். இப்போது இந்த ஆறையும் காட்டி, “அண்ணாச்சி, இதுல எதை முளைகட்டிப் பச்சையாத் திங்கலாம்? ஜிம்முல சொன்னாங்க” என்று பையன்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் இந்தப் பக்கத்தில் அதற்கான பதில் ஜிம் வருவதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

முளைப்பாரி போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது புரியும். வீட்டுக்கு வீடு வாங்கிய முத்தை ஊறவைப்பார்கள். அடி உடைந்த மண்பானையிலோ ஓலைக் கொட்டானிலோ வைக்கோலைப் பரப்பி, கரிசல் மண்ணும் தூளாக்கிய ஆட்டுப் புழுக்கையும் மாட்டெருவும் போட்டு, அதன்மேல் முத்தைத் தூவுவார்கள். பிறகு வெயில் நுழையாத அறையில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளிப்பார்கள். ராத்திரி பெண்கள் கும்மி கொட்டுவார்கள். வெளிச்சமே படாததால் பச்சையம் சேராமல் எல்லாம் வெளிர் மஞ்சளாக ஒரு முழத்துக்கு நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். எட்டாம் நாளோ பத்தாம் நாளோ தலையில் தூக்கி ஊர்வலம் போய்க் கண்மாயிலோ ஊருணியிலோ கரைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் அதில் ஒரு முளையைக் கிள்ளி யாரும் வாயில் போட்டதில்லை. எருவில் முளைத்தது சாமிக்கு, சாப்பாட்டுக்கில்லை. வரும் போகத்துக்கு விதை தேறுமா என்று ஊர் கூடிப் பார்க்கிற பரீட்சையும் அதுவே என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இந்தப் பழக்கத்தின் வயதைக் கணக்கிட ஏட்டுச் சான்று வேண்டுமென்றால் சிலப்பதிகாரம் இருக்கிறது. கோவலன், கண்ணகி திருமணத்தில் பெண்கள் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தி வருகிறார்கள். பிராமணர் வீட்டுக் கல்யாணத்தில் இன்றைக்கும் சுமங்கலிகள் பாலிகை தெளிக்கிறார்கள். பெருமாள் கோயில்களில் கொடியேற்றத்துக்கு முன்பு மண்ணெடுத்துத் தானியம் விதைக்கும் அங்குரார்ப்பணம் நடக்கிறது. இவை எல்லாமே கடைசியில் தண்ணீருக்குப் போகிற முளைகள்.

அடுப்பங்கரை வழக்கம் வேறு. என் அப்பத்தா தட்டைப்பயறையும் காணத்தையும் ஊறவைத்து ஈரத்துணியில் முடிந்து தொங்கவிடுவார். மறுநாள் வெள்ளை மூக்கு எட்டிப் பார்த்ததும் அவிழ்த்து, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிடுவார். முளை நீள விடமாட்டார். மொச்சைக்கு மட்டும் தனிச் சட்டம். ராத்திரி முழுக்க ஊறவேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டவேண்டும், தோலைப் பிதுக்கி எடுத்து மெத்தென்று வேகவைக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கருவாட்டோடு சேரும். ஒரு பயறு பச்சையாக வாய்க்குப் போனதென்றால் அது பாசிப்பயறு மட்டும்தான். ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோரோடு தருகிற வடைப்பருப்பு, ஊறவைத்த பாசிப்பருப்பு. அதுகூட முளைகட்டியது அல்ல.

மலையடிவாரத்துக்குப் போனால் கண்டிப்பு இன்னும் அதிகம். செண்பகத்தோப்பிலும் அய்யனார்கோயில் பக்கத்திலும் இருக்கிற பளியர்கள் உட்பட மேற்கு மலைப் பழங்குடிகள் பூனைக்காலி விதையைத் திரும்பத் திரும்ப வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை மாற்றித்தான் தின்றார்கள். அந்த விதையில் எல்-டோப்பா நிறைய இருக்கிறது. அப்படியே தின்றால் வாந்தியும் தலைச்சுற்றலும்தான்.

பச்சையாகத் தின்னும் ஆசை நமக்கு மேடையேறி வந்தது. 1927 அக்டோபரில் கதர்ப் பயணமாக ராஜபாளையம் வந்துபோன காந்தி, 1929இல் முளைகட்டிய கோதுமையும் கடலையுமாக அடுப்பில்லாத உணவைச் சில மாதம் பரீட்சித்தார். சீதபேதி கண்டு நிறுத்தினார். ‘யங் இந்தியா’வில் அதை அவரே மறைக்காமல் எழுதினார். அந்தப் பரீட்சையைப் படித்தவர்கள் நிறுத்தியதையும் சேர்த்துப் படித்திருக்கலாம்.

முளைவிட்டால் விஷமெல்லாம் போய்விடும் என்கிறார்கள். பாதிதான் உண்மை. முளைக்கும்போது ஃபைட்டேட் குறையும், வயிற்றில் வாயுவைக் கிளப்பும் சர்க்கரைகள் கரையும். லெக்டின் என்ற புரதம் அப்படி லேசில் போகாது. ராஜ்மாவில் அது ஏராளம். நாலைந்து பச்சை விதையே சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் கொண்டுவரப் போதும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் கொதிக்கவிட்டுப் பிறகு முழுக்க வேகவைத்தால்தான் அடங்கும். கொதிக்காத இளஞ்சூட்டில் கிடந்தால் நஞ்சு கூடவும் செய்யும். தம்பட்டை அவரை இனத்திலிருந்துதான் 1919இல் ஜேம்ஸ் சம்னர் கான்கனவாலின் என்ற லெக்டினைப் பிரித்தெடுத்தார். மொச்சையில் சயனைடு தரும் பொருள் உண்டு. அப்பத்தா தண்ணீரைக் கொட்டச் சொன்னதில் காரணம் இருந்தது.

விதை நல்ல விதையாக இருந்தாலும் முளை வளர்கிற ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் தோதானவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் ஈகோலை பரவி 3,800 பேருக்கு மேல் படுத்தார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். எகிப்திலிருந்து வந்த விதை அது. நம் பிள்ளைகளுக்குச் சத்துணவில் போடுகிற பயறும் கடலையும் வேகவைத்தே போடப்படுவதில் எனக்குத் திருப்திதான்.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பச்சையாகத் தின்பதென்றால் முழுப் பாசிப்பயறு. கொண்டைக்கடலையும் தட்டைப்பயறும் முளைகட்டலாம், ஆனால் ஆவியிலாவது காட்டுங்கள். காணத்தை வேகவையுங்கள். மொச்சை, தம்பட்டை, ராஜ்மா, சோயா நாலையும் பச்சையாகத் தொடாதீர்கள். விதைக்கடையில் மருந்து கலந்து சிவப்புச் சாயம் ஏற்றி விற்கும் பயறு வயலுக்கு மட்டும்தான். துணியையும் பாத்திரத்தையும் சுடுதண்ணீரில் அலசி, பயறைக் காலையும் மாலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கொழகொழப்போ புளிச்ச வாடையோ வந்தால் மாட்டுக்கும் வைக்காமல் குப்பையில் போடுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பாசிப்பயறு முளையையும் வேகவைத்தே கொடுங்கள்.