புகழாசையும் வன்னிக் கத்தோலிக்கமும்

புகழ்மீதான ஆசையைக் கிறிஸ்தவத் துறவு மரபு ஆன்மாவின் பெருநோய்களுள் ஒன்றாக எண்ணிவந்தது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ், துறவியைக் கெடுக்கும் எட்டு எண்ணங்களை வகுத்தபோது வீண்புகழுக்குத் தனியிடம் கொடுத்தார். அவர் வழிவந்த கசியான் ஒரு நுட்பத்தைக் கண்டார்: மற்றத் தீமைகள் நோன்பினாலும் செபத்தினாலும் தளரும், இதுவோ நோன்பையும் செபத்தையுமே தின்று கொழுக்கும். 'கடவுளின் நகரம்' நூலின் 5ஆம் பாகத்தில் அகுஸ்தீன், உரோமர் உலகை ஆண்டதற்குப் புகழாசையே உந்துதல் என்று ஒப்புக்கொண்டு, அதற்கான கூலியை அவர்கள் இவ்வுலகிலேயே பெற்றுவிட்டார்கள் என்று கணக்கை முடித்தார். மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரமே இதற்கெல்லாம் ஊற்று. தர்மம், செபம், நோன்பு மூன்றையும் பிறர் காணச் செய்வதை இயேசு அங்கே கண்டிக்கிறார்.

தமிழ் நிலம் வேறு பழக்கத்தில் வளர்ந்தது. திருக்குறளில் ஈகையை அடுத்து வருவது புகழ் அதிகாரம். களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் எழுப்புவது பழைய வழக்கம். வன்னியில் கல் வென்றவனுக்கும் எழுந்தது. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நின்ற கல், 1803 ஒக்டோபர் 31இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் பெயரையும் தாங்கியது. வன்னியரின் பெருமை யானைகளிலும் நிலத்திலும் பரம்பரையிலும் தங்கியிருந்தது. இப்படிப்பட்ட நாட்டில் பெயரை மறைப்பதையே பக்தியாகக் கொண்ட ஒரு சமயம் வேர்விட்டதற்கு ஒல்லாந்தரே பெருங்காரணம்.

1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி, கத்தோலிக்கக் குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆலயங்கள் பறிபோயின. கரையோரத்தில் கம்பனியின் பிடி இறுகியிருந்தது. யானைகளைத் திறையாகக் கேட்டு வன்னியரோடு மல்லுக்கட்டிய உட்காட்டில் அந்தப் பிடி தளர்ந்திருந்தது. 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடு (இன்றைய மடு) காட்டுக்குள் நுழைந்ததாக மரபு சொல்கிறது. அங்கே முதல் ஆலயத்தைக் கட்டுவித்ததாக எலேனா என்ற பெண்ணின் பெயர் நிலைத்திருக்கிறது. சொரூபத்தைச் சுமந்தவர்களின் பெயர்களை மரபு வைத்திருக்கவில்லை. தஞ்சம் கொடுத்தவரின் பெயரை உரக்கச் சொல்வதே காட்டிக்கொடுப்பதாக இருந்த காலத்தில், அது தற்செயலான மறதியாக இருந்திருக்க முடியாது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1687இல், கோவாவின் பெனவுலிம் ஊரில் பிறந்த யோசேவ் வாஸ் அடிகளார் கூலிக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். அவருடன் வந்தவர் யோவான் என்ற பணியாளர். வந்தவுடன் வாஸ் வயிற்றுளைச்சலில் விழுந்தார். தேறியபின் கழுத்தில் செபமாலை தெரியும்படி வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டவர்களின் முகக்குறியிலிருந்து கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். சில்லாலையில் ஒளிந்து பணிசெய்தார். 1689 கிறிஸ்மஸ் இரவில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்மீது ஒல்லாந்தர் பாய்ந்ததும், மறு ஆண்டு கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்கு மாறினார். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைப்பட்டார்.

அவர் சேர்ந்திருந்த ஓரற்றோரியன் சபை, 16ஆம் நூற்றாண்டு உரோமில் வாழ்ந்த பிலிப்பு நேரியின் வழியது. அறியப்படாமல் இருப்பதை விரும்பு என்பது நேரி தம் சீடருக்குத் திரும்பத்திரும்பச் சொன்ன பாடம். வாஸ் அதைத் தொழில்முறையாகவே கைக்கொண்டார் எனலாம். புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் அவரை ஆயராக்க எண்ணியபோது வாஸ் இணங்கவில்லை என அவரது வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சந்தேகக்காரர் ஒருவர் இதையும் கணக்கிடலாம்: ஒல்லாந்தர் தேடும் ஆளுக்கு மறைவு வசதியாகவும் இருந்தது. ஆனால் ஒல்லாந்தர் கை எட்டாத கண்டியிலும் அவர் அப்படியே வாழ்ந்தார். 1697இல் அங்கே அம்மை பரவியபோது, உறவினரும் கைவிட்ட நோயாளிகளைத் தாமே கழுவிப் பராமரித்தார்.

1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்த அவரை மறைவாக விட்டுவைக்கத் திருச்சபையே விரும்பவில்லை. 1713இல் புனிதர் பட்ட விசாரணை தொடங்கியது. கோவாச் சபையைச் சேர்ந்த செபஸ்தியாம் தோ றேகோ 1745இல் வாழ்க்கை வரலாறு எழுதினார். 1995இல் முத்திப்பேறு, 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸின் கையால் புனிதர் பட்டம். அன்று பிற்பகலே திருத்தந்தை மடுவுக்குச் சென்றார். இதில் முரண் இல்லை என்பது இறையியலின் விளக்கம்: புனிதர் தேடாத புகழை, பிறர் பின்பற்றும் முன்மாதிரியாகத் திருச்சபை இறந்தபின் வழங்குகிறது. விளக்கம் பொருத்தமானதே, பங்கீடுதான் சமமாக இல்லை. அதே வழியை நடந்து, அதே சிறையில் கிடந்த யோவானுக்குப் பீடம் எதுவும் இல்லை.

மடுவின் கதையும் பெயர் பெருகிய கதையே. 1872இல் ஆயர் பொஞ்சீன் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1924 ஜூலை 2இல் பாப்பரசரின் பிரதிநிதி மாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டினார். ஓகஸ்ட் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். மடு மண் பாம்புக்கடிக்கு மருந்து என்று இந்துக்களும் சிங்களவரும்கூட எடுத்துச் செல்கிறார்கள்.

பங்குகளில் புகழாசை வேறு உருவில் வாழ்கிறது. நவநாள் உபயம் யாருடையது, சொரூபத்தைத் தோளில் சுமப்பவர் யார், துண்டுப்பிரசுரத்தில் எந்தக் குடும்பத்தின் பெயர் முதலில் என்பவை வடபுலத்துத் திருவிழாக்களின் பழைய வழக்குகள். போருக்குப்பின் வெளிநாட்டுப் பணத்தில் எழும் கட்டடங்களில் கொடையாளரின் கல்வெட்டும் சேர்ந்துகொள்கிறது. கொடுப்பவர் பெயரை மறைக்கச் சொன்னால் கொடை குறையும் என்பது பங்குக் குருக்கள் அறிந்த கணக்கு.

இறந்தோரின் பெயர் விடயத்தில் மட்டும் இரு மரபுகளும் ஒரே மாதத்தில் சந்திக்கின்றன. நடுகல் மரபின் தொடர்ச்சியாக விடுதலைப் புலிகள் அமைத்த மாவீரர் துயிலும் இல்லங்களில் ஒவ்வொரு கல்லும் வீரனின் பெயரைத் தாங்கியது. 1989 முதல் நவம்பர் 27 அதற்கான நாள். கத்தோலிக்கர் நவம்பர் 2இல் சகல ஆன்மாக்களின் நாளை அனுசரிக்கிறார்கள். அம்மாதத் திருப்பலிகளில் போரில் இறந்தவர், முதுமையில் இறந்தவர், குழந்தை என்ற வேறுபாடின்றிப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அவை புகழுக்காக அல்ல, மன்றாட்டுக்காக வாசிக்கப்படுபவை.