உள்ளூர் அழைப்புக்கும் பகுதிக் குறியீடு: அமெரிக்காவில் பத்து இலக்க முறை வந்த வரலாறு

தொலைபேசி எண்ணின் முன்னால் வந்து, அந்த எண் எந்த ஊரை அல்லது வட்டாரத்தைச் சேர்ந்தது என்று காட்டும் பகுதி, பகுதிக் குறியீடு எனப்படும். தமிழ்நாட்டில் இதை எஸ்.டி.டி. கோடு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சென்னைக்கு 044, மதுரைக்கு 0452 என்பவை இதற்கு எடுத்துக்காட்டுகள். வெளியூருக்குப் பேசும்போதுதான் இது வேண்டும். ஒரே ஊரில் ஒரு வீட்டுத் தொலைபேசியிலிருந்து இன்னொரு வீட்டுத் தொலைபேசிக்குப் பேச இது வேண்டியதில்லை.

அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் இதே வழக்கம்தான் இருந்தது. ஊருக்குள் பேச ஏழு இலக்கம், வெளியூருக்குப் பேசப் பத்து இலக்கம். இன்று அந்நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் எதிர்வீட்டுக்குப் பேசினாலும் பத்து இலக்கங்களையும் அழுத்த வேண்டும். எண்கள் தீர்ந்துபோனதால் வந்த மாற்றம் இது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. எண் பற்றாக்குறையோடு, நிறுவனங்களிடையே நியாயமான போட்டி, உயிர் காக்கும் ஒரு சேவை ஆகிய இரண்டு காரணங்களும் இதில் சேர்ந்துள்ளன. அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

1947இல் தொடக்கம்

அமெரிக்காவின் தொலைபேசிச் சேவையில் பெரும்பகுதியை அப்போது ஏ.டி.&டி. நிறுவனமும் அதன் பெல் குழும நிறுவனங்களும் நடத்தின. ஒரு தொலைதூர அழைப்பு பல ஆபரேட்டர்களின் கை மாறித்தான் போய்ச் சேரும். இதை எளிதாக்க 1947இல் வட அமெரிக்க எண் திட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் 86 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்கக் குறியீடு தரப்பட்டது.

அக்காலத் தொலைபேசியில் எண்களைச் சுழல் வட்டில் சுற்ற வேண்டும். 1 என்று சுற்றினால் ஒரு துடிப்பும், 9 என்று சுற்றினால் ஒன்பது துடிப்புகளும், 0 என்று சுற்றினால் பத்துத் துடிப்புகளும் கம்பி வழியே செல்லும். அழைப்புகள் மிகுந்த ஊர்களுக்குக் குறைந்த துடிப்புகளுள்ள குறியீடுகள் கிடைத்தன. நியூயார்க் நகரின் 212க்கு 2+1+2 என ஐந்து துடிப்புகள் போதும். சிகாகோவின் 312க்கும் லாஸ் ஏஞ்சலிசின் 213க்கும் ஆறு. சிறிய மாநிலமான வெர்மான்ட் பெற்ற 802க்கு 8+10+2 என இருபது துடிப்புகள். மாணவர்கள் மற்றக் குறியீடுகளையும் இவ்வாறு கூட்டிப் பார்க்கலாம். வெர்மான்டின் 802ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

முதலில் இக்குறியீடுகளை ஆபரேட்டர்களே பயன்படுத்தினர். 1951 நவம்பர் 10 அன்று நியூஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் நகர மேயர் எம். லெஸ்லி டெனிங், கலிபோர்னியாவின் அலமீடா நகர மேயரைத் தாமே எண்ணைச் சுற்றி அழைத்தார். சுமார் 18 வினாடிகளில் இணைப்பு கிடைத்தது. ஆபரேட்டர் உதவியின்றிச் சந்தாதாரரே நேரடியாகப் பேசும் தொலைதூரச் சேவை அன்று தொடங்கியது.

இயந்திரம் எப்படிப் பிரித்தறிந்தது?

ஏழு இலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் தொலைபேசி இணைப்பகத்தையும், கடைசி நான்கு இலக்கங்கள் அந்த இணைப்பகத்தின் சந்தாதாரரையும் குறிக்கும். ஒருவர் எண்ணைச் சுற்றத் தொடங்கும்போது, வரப்போவது ஏழு இலக்கமா பத்து இலக்கமா என்று இயந்திரம் முன்கூட்டியே அறிந்தாக வேண்டும். இதற்கு ஓர் எளிய விதி இருந்தது. பகுதிக் குறியீட்டின் நடு இலக்கம் எப்போதும் 0 அல்லது 1 ஆக இருக்கும். இணைப்பக எண்ணின் நடுவில் 0 அல்லது 1 வராது. ஆகவே இரண்டாம் இலக்கத்தைக் கேட்டதுமே இயந்திரத்துக்கு விடை தெரிந்துவிடும். 411, 911 போல 11 என்று முடியும் எண்கள் சிறப்புச் சேவைகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தன.

ஊருக்குள் ஏழு இலக்கம் போதும் என்ற வசதி இந்த விதியால் பாதுகாக்கப்பட்டது. 1970களில் லாஸ் ஏஞ்சலிசில் இணைப்பக எண்கள் போதாமல் போனதால், நடுவில் 0, 1 உள்ள எண்களையும் இணைப்பகங்களுக்குத் தர வேண்டியதாயிற்று. பிறகு பகுதிக் குறியீடுகளும் போதவில்லை. 1995 ஜனவரியில் அலபாமாவுக்கு 334, வாஷிங்டன் மாநிலத்துக்கு 360 என, நடுவில் வேறு இலக்கம் கொண்ட புதிய குறியீடுகள் வந்தன. பழைய அடையாள விதி அத்துடன் முடிந்தது.

எண்கள் ஏன் தீர்ந்தன?

ஒரு பகுதிக் குறியீட்டின் கீழ் ஏறத்தாழ 792 இணைப்பக எண்கள் அமையலாம். ஒவ்வொன்றிலும் 10,000 சந்தாதாரர் எண்கள். பெருக்கினால் சுமார் 79 லட்சம் வரும். இவ்வளவு எண்கள் இருந்தும் பற்றாக்குறை ஏற்பட்டது.

தொலைநகல், பேஜர், கைப்பேசி, இணைய இணைப்புக்கான இரண்டாவது தொலைபேசி என்று தேவை பெருகியது ஒரு காரணம். எண்களைப் பங்கிட்ட முறை மற்றொரு காரணம். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் உள்ளூர்ச் சேவையையும் போட்டிக்குத் திறந்துவிட்டது. புதிதாக வந்த ஒவ்வொரு நிறுவனமும் கட்டண வட்டாரம் ஒவ்வொன்றிலும் 10,000 எண்கள் கொண்ட ஒரு தொகுதியைப் பெற்றது. ஓர் ஊரில் அந்நிறுவனத்துக்கு 300 வாடிக்கையாளர்களே இருந்தாலும் மீதி 9,700 எண்கள் வேறு யாருக்கும் கிடைக்காமல் முடங்கின. ஆயிரம் ஆயிரமாகப் பிரித்துத் தரும் முறையை நாடு முழுவதும் கொண்டுவருவதற்கான ஆணை 2000ஆம் ஆண்டில்தான் வந்தது.

பிரிப்பதா, மேலடுக்காகச் சேர்ப்பதா?

எண் தீர்ந்த பகுதிக்குப் புதிய குறியீடு தர இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, பகுதியை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பாதி பழைய குறியீட்டை வைத்துக்கொள்ளும். மறுபாதி புதியதற்கு மாறும். 1984இல் நியூயார்க்கின் புரூக்ளின், குயின்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகியவை 212இலிருந்து பிரிந்து 718ஐப் பெற்றன. இம்முறையில் ஏழு இலக்க வசதி நீடிக்கும். ஆனால் எண் மாறிய பகுதியில் கடைப் பெயர்ப்பலகை முதல் முகவரி அட்டை வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, அதே நிலப்பரப்பின் மீது இன்னொரு குறியீட்டை மேலடுக்காகச் சேர்ப்பது. யாருடைய எண்ணும் மாறாது; புதிய இணைப்புகளுக்கு மட்டும் புதிய குறியீடு கிடைக்கும். இதில் முதலாவது, 1992இல் நியூயார்க் நகரம் முழுமைக்கும் வந்த 917. அது பெரும்பாலும் கைப்பேசிகளுக்கும் பேஜர்களுக்கும் பயன்பட்டது. மேலடுக்கு முறையில், ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு குறியீடுகளைக் கொண்டிருக்கலாம். அப்போது வெறும் ஏழு இலக்கத்தைச் சுற்றினால் யாரைச் சேரும்?

நியாயத்துக்காக வந்த விதி

இதற்குத் தொழில்நுட்பத்தில் ஒரு சுலபமான வழி இருந்தது. அழைப்பவரின் குறியீடும் அழைக்கப்படுபவரின் குறியீடும் ஒன்றாக இருந்தால் ஏழு இலக்கம், வேறானால் பத்து இலக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை.

ஆனால் 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இதை ஏற்கவில்லை. பழைய குறியீட்டின் எண்களில் பெரும்பாலானவை பழைய பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தன. புதிய நிறுவனங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் புதிய குறியீட்டு எண்கள். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஊரில் பெரும்பாலோரை ஏழு இலக்கத்தில் அழைப்பார். புதிய நிறுவனத்துக்கு மாறியவர் ஏறக்குறைய எல்லோரையும் பத்து இலக்கத்தில் அழைக்க வேண்டியிருக்கும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சி மக்கள் புதிய நிறுவனங்களை நாடாமல் போகலாம். ஆகவே மேலடுக்குக் குறியீடு வந்த பகுதியில் எல்லா உள்ளூர் அழைப்புகளும் பத்து இலக்கமாகவே இருக்க வேண்டும் என்று ஆணையம் விதித்தது. சிலருக்கு மட்டும் சிரமம் என்ற நிலையை மாற்ற, எல்லோருக்கும் ஒரே அளவு சிரமத்தை வைத்தார்கள்.

மேரிலாந்து மாநிலம் 1997இலும், அட்லாண்டா நகர்ப்பகுதி 1998இலும் இம்முறைக்கு மாறின. எல்லா இடங்களிலும் இது அமைதியாக நடக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிசின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த 310 வட்டாரத்தில் 1999இல் தொடங்கிய மாற்றம், மக்கள் எதிர்ப்பால் அதே ஆண்டில் நிறுத்தப்பட்டது. அங்கு 424 என்ற மேலடுக்குக் குறியீடு 2006இல்தான் நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் மாநிலம் பத்து இலக்க விதியை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2003 பிப்ரவரி 1 முதல் நியூயார்க் நகரில், முன்னால் 1 சேர்த்துப் பதினொரு இலக்கங்களைச் சுற்ற வேண்டியதாயிற்று.

பொதுமக்களின் முதல் அச்சம் கட்டணம் பற்றியது. பத்து இலக்கம் என்றாலே வெளியூர்க் கட்டணம் என்று அவர்கள் அரை நூற்றாண்டாகப் பழகியிருந்தார்கள். உள்ளூர் அழைப்பு எத்தனை இலக்கமானாலும் உள்ளூர் அழைப்பே, கட்டணம் மாறாது என்று ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

988: உயிர் காக்கும் மூன்று இலக்கம்

மூன்றாவது காரணம் எண் பற்றாக்குறைக்குத் தொடர்பில்லாதது. மன நெருக்கடியில் இருப்பவர்கள் அழைப்பதற்காக அமெரிக்காவில் 2005 முதல் ஒரு தேசியத் தற்கொலைத் தடுப்பு உதவி எண் இயங்கியது. அது 1-800 என்று தொடங்கும் நீண்ட எண். மனம் உடைந்த நேரத்தில் அவ்வளவு நீளமான எண் நினைவுக்கு வருவது கடினம். தீயணைப்புக்கும் காவலுக்கும் 911 இருப்பதுபோல இதற்கும் ஒரு மூன்று இலக்க எண் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது.

211 முதல் 911 வரை 11 என்று முடியும் எட்டு எண்களும் ஏற்கெனவே வேறு சேவைகளுக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. எனவே 2020 ஜூலை 16 அன்று ஆணையம் 988ஐத் தேர்ந்தெடுத்தது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. நாட்டின் பல பகுதிகளில் 988 ஒரு சாதாரண இணைப்பக எண். அங்கே ஒருவர் 988 என்று அழுத்தினால், அவர் உதவி கேட்கிறாரா, அல்லது 988இல் தொடங்கும் ஏழு இலக்க எண்ணைப் பாதியில் வைத்திருக்கிறாரா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. மேலும் இலக்கங்கள் வருகின்றனவா என்று அது சில வினாடிகள் காத்திருந்தாக வேண்டும். உதவி தேடும் மனிதருக்கு அந்த மௌனமான சில வினாடிகளும் நீண்டவை. அழைப்பைத் துண்டித்துவிடவும் கூடும்.

ஆணையம் வேறு வழியைத் தேர்ந்தது. 988 என்ற இணைப்பக எண்ணும் ஏழு இலக்க வழக்கமும் சேர்ந்திருந்த 82 பகுதிக் குறியீடுகளில் ஏழு இலக்க அழைப்பையே நிறுத்தச் சொன்னது. உள்ளூர் அழைப்பும் பகுதிக் குறியீட்டில்தான் தொடங்கும் என்றால், 988 என்று அழுத்துபவர் உதவியைத்தான் நாடுகிறார் என்பது உடனே உறுதியாகும். 2021 ஏப்ரல் 24 முதல் பழகிக்கொள்ளக் கால அவகாசம் தரப்பட்டது. 2021 அக்டோபர் 24 முதல் அங்கெல்லாம் பத்து இலக்கம் கட்டாயமானது. 2022 ஜூலை 16 முதல் 988 நாடு முழுவதும் இயங்குகிறது. கனடாவிலும் 2023 நவம்பர் 30 அன்று இந்த எண் தொடங்கப்பட்டது.

முன்பு சொன்ன வெர்மான்ட் மாநிலமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1947 முதல் இன்றுவரை அம்மாநிலம் முழுமைக்கும் 802 என்ற ஒரே குறியீடுதான். அங்கே மேலடுக்குக் குறியீடு வரவில்லை. இருந்தும் 2021 முதல் வெர்மான்டில் அடுத்த வீட்டை அழைக்கவும் 802 என்று அழுத்த வேண்டியிருக்கிறது. யாரென்றே தெரியாத ஒருவரின் அழைப்பு தாமதமின்றிப் போய்ச் சேர, ஒவ்வொருவரும் தம் அழைப்பில் மூன்று இலக்கங்களைக் கூட்டிக்கொண்டார்கள்.

இம்மாற்றத்தில் கடினமான வேலை மக்கள் பழகுவது அன்று, கருவிகளை மாற்றுவதுதான். திருட்டு எச்சரிக்கை மணி, தீ எச்சரிக்கைக் கருவி, முதியோர் கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவி ஆகியவற்றில் ஏழு இலக்க எண்கள் பதிவாகியிருந்தன. அவற்றைப் பத்து இலக்கமாக மாற்றாவிட்டால், ஆபத்து நேரத்தில் அந்த அழைப்பு போகாது.

இந்தியாவுடன் ஓர் ஒப்பீடு

இந்தியாவில் இத்தகைய மோதல் ஏன் எழவில்லை? இங்கே 1இல் தொடங்கும் எண்கள் சந்தாதாரர்களுக்குத் தரப்படுவதில்லை. அவை சிறப்புச் சேவைகளுக்கே உரியவை. 100, 101, 108, 112 ஆகியவை அப்படி வந்தவை. 2022இல் மனநல உதவிக்கான டெலி மானஸ் சேவை தொடங்கியபோது 14416 என்ற எண் எந்த ஊரின் தொலைபேசி எண்ணோடும் மோதவில்லை. உள்ளூர் அழைப்பு முறையை அதற்காக மாற்ற வேண்டிய தேவையும் எழவில்லை.

எண் பற்றாக்குறை பற்றிய கவலை இங்கும் உண்டு. புதிய எண்களுக்கு இடம் உண்டாக்குவதற்காக, 2021 ஜனவரி 15 முதல் வீட்டுத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்கும்போது முன்னால் 0 சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. கைப்பேசியிலிருந்து உள்ளூர் வீட்டுத் தொலைபேசியை அழைக்கவும் எஸ்.டி.டி. கோடு வேண்டும். கைப்பேசிக்கு ஊர் இல்லை என்பதே அதன் காரணம்.

முடிவாக

அமெரிக்காவில் உள்ளூர் அழைப்பு பத்து இலக்கமானது ஒரே நாளிலோ ஒரே காரணத்தாலோ அன்று. எண்கள் குறைந்ததால் மேலடுக்குக் குறியீடுகள் வந்தன. புதிய நிறுவனங்களின் வாடிக்கையாளருக்கு அநீதி நேரக் கூடாது என்பதற்காக அப்பகுதிகளில் பத்து இலக்கம் கட்டாயமானது. குறியீடு தீராத பகுதிகளுக்கு அதைக் கொண்டுவந்தது 988. இன்று எண்களைக் கைப்பேசியே நினைவில் வைத்துக்கொள்வதால் இந்த மூன்று இலக்கங்கள் பலருக்குச் சுமையாகத் தெரிவதில்லை. அவை எதற்காக வந்தன என்பது மட்டும் மறந்துபோகாமல் இருக்க வேண்டும்.